நான் ராஜேஸ்வரியாக உட்கார்ந்த நாள்

இத்தனை வயசில் நான் பார்த்த ஆபத்துகளிலேயே பெரியது எது என்று கேட்டால், ஒருவர் நம் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, நாம் பேசுவதைக் குறுக்கே வராமல் கேட்பதுதான் என்பேன். பாம்பு கடித்தால்கூட ஊசி இருக்கிறது. இதற்கு மருந்து கிடையாது. (எங்கள் வீட்டில் யாரும் யாரையும் முழுசாகப் பேசவிட்டதில்லை என்பதால், ரொம்ப நாள் எனக்கு இந்த ஆபத்து தெரியாமலே இருந்தது.)

எண்பதுகளின் கடைசியில் நடந்த சங்கதி இது. அப்போது நாங்கள் பட்டாபிராம் பக்கம் நெமிலிச்சேரியில் குடியிருந்தோம். வீட்டுக்காரருக்கு ஆவடியில் பேக்டரி வேலை. நான் வீட்டிலேயே மிஷின் போட்டு ஜாக்கெட் தைப்பேன். மூன்றாவதுக்கு மேல் நான் பள்ளிக்கூடம் போனதில்லை. ஆனால் என் மகள் ஸ்டெல்லா நர்ஸ் படிப்புப் படிக்கிறாள் என்பதை, ரயிலில் பக்கத்தில் உட்கார்ந்தவர்களுக்குக்கூட அவர்கள் கேட்காமலே சொல்லிவிடுவேன்.

கடைசி வருஷத்தில் அவளுக்கு மனநல வார்டில் பயிற்சி வந்தது. அந்த வார்டில் மாத்திரை பாதி வேலை செய்யுமாம், நர்ஸ் பேசுகிற பேச்சு மீதி வேலை செய்யுமாம். அந்தப் பேச்சுக்கு ஏகப்பட்ட சட்டம். நோயாளிக்கு நேர் எதிரே உட்காராமல் கொஞ்சம் சாய்வாக உட்கார வேண்டும். கையைக் கட்டக் கூடாது. புத்தி சொல்லக் கூடாது. 'எல்லாம் சரியாப் போயிடும்' என்று சும்மா ஆறுதல் சொல்லக் கூடாது. 'ஏன்' என்று கேட்கவே கூடாது, அது குற்றம் சாட்டுகிற மாதிரி இருக்கும். அவர்கள் சொன்னதையே திருப்பிச் சொல்லிக் காட்ட வேண்டும். அவர்கள் பேசாமல் இருந்தால் நாமும் பேசாமல் காத்திருக்க வேண்டும்.

"இத்தையெல்லாம் உட்டுட்டா அப்பறம் மனுசங்க இன்னாத்த பேசறது?" என்று கேட்டேன்.

"நாம பேசவே வேணாம்னுதாம்மா சொல்றாங்க. கேக்கணும்."

"அதுக்கா மூணு வருசம் படிப்பு?"

பேசாமல் காத்திருக்கும் வித்தையை அவள் முதலில் தன் அப்பாவிடம் பழகிப் பார்த்தாள். அவர் பிறவியிலேயே பேசாத மனிதர். இரண்டு பேரும் சாய்வாக உட்கார்ந்து ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். குக்கர் மூன்று விசில் அடித்து அடங்கியது. கடைசியில் அவர், "வேற ஒண்ணும் இல்லியே?" என்று கேட்டுவிட்டு எழுந்து போய்க் குளித்தார்.

இந்தச் சமயத்தில்தான் என் தம்பி சேவியர் வந்தான். சைக்கிளை நிறுத்தியதும் முதலில் ஸ்டெல்லா வீட்டில் இல்லையே என்று எட்டிப் பார்த்துக்கொண்டான்.

"அக்கா, என் மச்சான் பாஸ்கல் ஒத்துக்கினான். திருமழிசையில சொந்தமா லேத்து பட்டறை வச்சிகினு கீறான். தங்கமான பையன். நம்ம ஸ்டெல்லாவுக்கு முட்ச்சிடலாமா?"

பாஸ்கல் அவன் பெண்டாட்டியின் தம்பி. நல்ல பையன்தான், வாயைத் திறந்தால் லேத் மிஷினைத் தவிர வேறு பேச்சு வராது, அவ்வளவுதான். சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. ஆனால் ஸ்டெல்லா இரண்டு வருஷம் வேலை பார்த்துவிட்டுத்தான் கல்யாணம் என்று முன்னமே சொல்லியிருந்தாள்.

"அதான், அவகிட்ட இப்ப மூச்சு உடாத. பரிச்சை முடியட்டும். அடுத்த ஞாயித்துக்கெழமையே அவள இட்டுகினு போயி சாமியாரப் பாத்து ஓலைக்குக் குட்த்துடலாம். கோயில்ல பேரு படிச்சிட்டா அப்பறம் இன்னா பேச முடியும் அவளால?"

எங்கள் கிறிஸ்தவக் கோயிலில் கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிற்றுக்கிழமை பூசையில் பெண், மாப்பிள்ளை பெயரைச் சாமியார் வாசிப்பார். ஆட்சேபணை உள்ளவர்கள் சொல்லலாம் என்பார். அதுதான் ஓலை. ஊர் அறிய வாசித்த பிறகு பின்வாங்கினால் பெண்ணுக்குத்தான் பேர் கெடும். இது தெரிந்துதான் சேவியர் அப்படிச் சொன்னான். தெரிந்துதான் நானும் தலையை ஆட்டினேன்.

அன்றைக்கு ஆரம்பித்தது என் வேதனை. பரீட்சைக்கு ஒரு மாசம் இருந்தது. ஜாக்கெட் தைக்க வரும் பெண்களிடம் வாயில் குண்டூசியைக் கடித்துக்கொண்டே பேசினேன். ஸ்டெல்லா சாப்பிட உட்கார்ந்தால் நான் கொல்லைக்கு ஓடினேன். வயிறு உப்பி, சோடா குடித்தும் இறங்கவில்லை. வீட்டுக்காரர்கூட ஒரு நாள், "உடம்புக்கு முடியலியா? அமைதியா கீறியே" என்று கேட்டார். அவர் என்னைக் கேட்ட கேள்விகளிலேயே அதுதான் நீளமானது.

பரீட்சை நாள் வந்தது. பூந்தமல்லி பக்கம் இருந்த அவளுடைய நர்ஸ் பயிற்சிப் பள்ளிக்கு, மீன் குழம்புச் சோற்றோடு பஸ் ஏறிப் போனேன். வராந்தாவில் ஸ்டெல்லா வெளுத்துப் போய் நின்றுகொண்டிருந்தாள். அவர்களுக்கு அன்றைக்கு நாடகம் மாதிரி ஒரு பரீட்சையாம். ஒருத்தி நர்ஸ், ஒருத்தி நோயாளி. வெளியூரிலிருந்து வந்த எக்ஸாமினர் பார்த்து மார்க் போடுவார். இவளுக்கு நோயாளியாக நடிக்க வேண்டிய பெண்ணுக்கு அம்மை போட்டுவிட்டது. மற்றவர்களெல்லாம் ஜோடி சேர்ந்துவிட்டார்கள். நோயாளி இல்லாவிட்டால் இவள் பெயில்.

"நான் நடிக்கிறேன்" என்றேன்.

"அம்மா, வெளையாடாத."

"இன்னாடி வெளையாட்டு? நம்ம கோயில் பாஸ்கா நாடகத்துல, ஏசு சிலுவைய தூக்கினு போவசொல்ல அழுவுற ஜெருசலேம் பொம்பளையா எத்தினி வருசம் அழுதுகீறேன்? நான் அழுதத பாத்துட்டு ரோமாபுரி சிப்பாயா நின்ன கொழாய் ரிப்பேர்காரன் சேந்து அழுதான்."

பாடம் எடுக்கும் டியூட்டர் அம்மாவும் வேறு வழியில்லாமல் சரி என்றார். "பெத்த அம்மான்னு மட்டும் எக்ஸாமினருக்குத் தெரியக் கூடாது. உங்க பேரு ராஜேஸ்வரி. புருஷன் துபாய்ல இருக்காரு. ஒரு மாசமா சரியா சாப்பிடல, யார்கிட்டயும் பேசல. எதையோ மனசுல வெச்சுப் புழுங்குறீங்க. கேட்டாக்கூட ஒரு வார்த்தை, ரெண்டு வார்த்தைதான் பேசணும். புரிஞ்சுதா?"

புழுங்குவதற்கு எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டுமா?

ஹாலில் இரண்டு நாற்காலி. ஒரு பக்கம் எக்ஸாமினர், பெரிய கண்ணாடி, கையில் பேனா. பின்னால் பெஞ்சு பெஞ்சாக வெள்ளை உடுப்புப் பெண்கள். ஸ்டெல்லா சாய்வாக உட்கார்ந்தாள்.

"வணக்கம் ராஜேஸ்வரி அம்மா. நான் ஸ்டெல்லா. உங்ககூட கொஞ்ச நேரம் பேசலாம்னு வந்திருக்கேன்."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அழுகை வர வேண்டுமே! பாஸ்கா நாடகம் சொல்லிக்கொடுத்த உபதேசியார், 'அழுகை வரலேன்னா உன் சொந்தக் கவலைய நெனைச்சுக்கோ' என்பார். நினைத்தேன். என் சொந்தக் கவலை எதிரிலேயே உட்கார்ந்திருந்தது.

"மனசுல ஏதோ பாரமா இருக்கிற மாதிரி தெரியுது."

"ஆமா."

அவள் பேசாமல் காத்திருந்தாள். நானும் இருந்தேன். மின்விசிறி கிறீச் கிறீச் என்று சுற்றியது. அவள் லேசாகத் தலையை ஆட்டினாள். என் ஆயுசில் யாரும் எனக்காக அத்தனை நேரம் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்ததில்லை. வாய் தானாகத் திறந்துகொண்டது.

"ஒரு விசயத்த மறைச்சி வச்சிகினு கீறேம்மா. சோறே எறங்கல."

"ஒரு விஷயத்தை மறைச்சு வச்சிருக்கீங்க."

"எம் பொண்ணாண்ட."

ஸ்டெல்லாவின் கண்ணில், 'அம்மா பரவாயில்லையே, நல்லா நடிக்குதே' என்று ஒரு சந்தோஷம். "அதைப் பத்தி இன்னும் கொஞ்சம் சொல்லுங்க" என்றாள்.

(இந்த வாக்கியத்தைக் கண்டுபிடித்தவர் யாரென்று தெரிந்தால், அவரைப் பார்த்துக் கேட்க எனக்கு நாலு கேள்வி இருக்கிறது.)

"அவளுக்குக் கல்யாணம் பேசி முட்ச்சிட்டோம். அவளுக்குத் தெரியாது. எந் தம்பி சேவியரு சொல்லாதன்னு சொல்ட்டான்."

ஸ்டெல்லாவின் தலை பாதி ஆட்டத்தில் நின்றுவிட்டது. ராஜேஸ்வரிக்குச் சேவியர் என்று ஒரு தம்பியா என்று எக்ஸாமினரும் ஒரு தரம் நிமிர்ந்து பார்த்தார்.

அந்த இடத்திலாவது நான் நிறுத்தியிருக்கலாம். ஆனால் ஒரு மாசத்து அடைப்பு அது. திறந்தது திறந்ததுதான்.

"மாப்பிள்ளை யாருன்னு..." ஸ்டெல்லா ஓரக்கண்ணால் எக்ஸாமினரைப் பார்த்துக்கொண்டாள். "சொல்லணும்னு தோணினா சொல்லலாம்."

"பாஸ்கலு."

"பா...ஸ்கல்." கல்லைக் கடித்த மாதிரி சொன்னாள். ஆனாலும் திருப்பிச் சொன்னாள், அதுதானே சட்டம்.

"உனக்குத் தெரிஞ்ச பையந்தான். போன கிறிஸ்மஸுக்கு வந்து கேக்கு முழுக்கத் துன்னுட்டுப் போனானே."

"கேக்கு முழுக்கத் தின்ன பையன்னு சொல்றீங்க."

பின் பெஞ்சில் யாரோ வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார்கள். ஸ்டெல்லாவின் விரல்கள் நாற்காலிக் கட்டையைப் பிடித்த பிடியில் வெளுத்திருந்தன. முகத்தில் மட்டும் அந்த ஆஸ்பத்திரிச் சிரிப்பு அப்படியே இருந்தது. கத்தினால் பெயில். அழுதால் பெயில். எழுந்து போனாலும் பெயில். மூன்று வருஷப் படிப்பு அந்தச் சிரிப்பில் தொங்கிக்கொண்டிருந்தது.

"உங்க பொண்ணுக்கு இது தெரிஞ்சா என்ன ஆகும்னு நினைக்கிறீங்க?"

"கொன்னுடுவா."

"கொன்னுடுவாங்கன்னு பயப்படுறீங்க."

"இப்ப ரொம்ப பயமா கீதும்மா."

இப்போது எனக்கு நிஜமாகவே அழுகை வந்துவிட்டது. ஜெருசலேம் அழுகை இல்லை, நெமிலிச்சேரி அழுகை. "ரெண்டு வருசம் வேலைக்குப் போறேன்னு சொல்லிச்சி. நல்ல இடம் போயிடுமேன்னு நாந்தான் தலைய ஆட்டிட்டேன். அதுகாண்ட ஒரு வார்த்த கேக்கல" என்று முந்தானையில் மூக்கைச் சிந்தினேன்.

அவள் காத்திருந்தாள். அவள் கண்ணும் நனைந்திருந்தது. கோபமா வேறேதுமா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. பிறகு நிதானமாகக் கேட்டாள்.

"இப்போ என்ன செய்யலாம்னு நீங்க நினைக்கிறீங்க?"

"தம்பியாண்ட வேணாம்னு சொல்லிட்றேன்."

"எப்போ சொல்றதா இருக்கீங்க?"

"நாளைக்கு..."

அவள் பேசவில்லை. சும்மா பார்த்தாள்.

"இன்னிக்கே!"

"இன்னிக்கே சொல்றதா முடிவு பண்ணியிருக்கீங்க. நாம பேசினதைச் சுருக்கமா சொல்லிடறேன். உங்க பொண்ணு ரெண்டு வருஷம் வேலைக்குப் போவாங்க. ஞாயித்துக்கிழமை யாரும் சாமியாரைப் பார்க்கப் போறதில்ல. சரியா, ராஜேஸ்வரி அம்மா?"

ஓலையைப் பற்றி நான் வாயே திறக்கவில்லை. அவளாகவே கண்டுபிடித்துவிட்டாள். சேவியரைச் சின்ன வயசிலிருந்து பார்க்கிறவள் அல்லவா! எக்ஸாமினர், டியூட்டர், ஹால் நிறைய நர்ஸுகள் சாட்சியாக, "சரிம்மா" என்றேன்.

எக்ஸாமினர் கை தட்டினார். புத்தி சொல்லாமல், நோயாளியைத் தானே முடிவெடுக்க வைத்தது அருமை என்று ஸ்டெல்லாவைப் பாராட்டினார். பிறகு என்னைப் பார்த்து, "நீங்க நடிச்ச மாதிரியே தெரியலம்மா" என்றார். ஒரு நிமிஷம் எனக்குப் பெருமை தாங்கவில்லை. எழுந்து கும்பிடுகூடப் போட்டேன்.

வெளியே மரத்தடியில் ஸ்டெல்லா கேரியரைத் திறந்து சாப்பிட்டாள். பாதிச் சோறு தீர்ந்தது. அப்புறம் நிமிர்ந்து, கேட்கவே கூடாத அந்தக் கேள்வியைக் கேட்டாள்.

"ஏம்மா?"

"இன்னும் கொஞ்சம் கொழம்பு ஊத்திக்க" என்றேன்.

சாயங்காலம் சேவியரிடம் சொன்னேன். தலையில் அடித்துக்கொண்டான். "யாருகாண்ட ஒளறின?"

"யாருகாண்டயும் இல்ல. ஒரு நர்ஸம்மா கேட்டுச்சி."

அடுத்த ஈஸ்டர் வரைக்கும் அவன் எங்கள் வீட்டுப் படி ஏறவில்லை. பாஸ்கலுக்கு வேறு இடத்தில் பெண் கிடைத்து, அந்தப் பெண்ணும் லேத் மிஷினைப் பற்றி விசாரிக்கிறாள் என்று கேள்விப்பட்டேன். ஸ்டெல்லா பாஸாகி, சொன்ன மாதிரியே வேலைக்குச் சேர்ந்தாள், அதுவும் மனநல வார்டில். அவளே ஒரு லேப் டெக்னீஷியனைப் பார்த்து, சாமியாரிடம் பேசி, எல்லாம் முடித்த பிறகு என்னிடம் சொன்னாள். அன்றிலிருந்து எங்கள் குடும்பத்தில் எந்தக் கல்யாணப் பேச்சும் என் காதுக்குக் கடைசியில்தான் வரும். 'அம்மா பக்கத்துல நாற்காலி போட்டு உக்காந்தா போதும், ஊருக்கே தெரிஞ்சிடும்' என்று என் மருமகன்கூடச் சொல்லிச் சிரிக்கிறார்.

போன வருஷம் பேத்திக்கு முடிவான இடத்தை, நான் கோவிலில்தான் கேட்டேன். பூசை முடிகிற நேரம் சாமியார் ஓலை வாசித்தார். ஸ்டெல்லாவின் மகள் பெயர் வந்தது. முன் வரிசையிலிருந்து என் குடும்பம் மொத்தமும் கழுத்தைத் திருப்பி என் முகத்தைப் பார்த்தது. நான் முகத்தை அசைக்கவில்லை.

பக்கத்தில் இருந்த பிலோமினா என் கையை இடித்தாள். "இன்னாக்கா, ஒரு வார்த்த சொல்லல? உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியாம?" என்றேன். "எனக்குத்தான் மொதல்ல சொன்னாங்க. ரகசியமா வச்சிகினு இருந்தேன்."