ஒரு சிவப்புக் கேள்விக்குறியும் நானாவின் கலியாணமும்

என் அண்ணன் ஃபாரிஸ் நானாவின் கலியாணப் பேச்சைக் குழப்பியவர் ஜெஸீமா டீச்சர். பன்னிரண்டு வருடமாக எங்கள் வீட்டில் பழி என் மேல்தான் கிடக்கிறது. வாயைத் திறந்தது நான்தான், அதை மறைக்கவில்லை. ஆனால் அந்த வாய்க்குள் சொல்லைப் போட்டது யார் என்று ஒருவரும் கேட்பதில்லை.

எனக்கு அப்போது பதினாறு வயது. சாதாரண தரப் பரீட்சைக்கு ஒரு மாதம் இருந்தது. எங்கள் ஊரான தில்லையடிப் பள்ளிக்கூடத்தில் எங்கள் வகுப்பில் ஆங்கில இலக்கியம் எடுத்தவர்கள் ஒன்பது பேர். ஜெஸீமா டீச்சர் பழைய பாடமெல்லாவற்றையும் திரும்ப நடத்திக்கொண்டிருந்தார். சிமிலி, மெட்டபர், ஐரனி என்று பலகை நிறையச் சொற்கள். எனக்கு ஒன்றும் ஏறவில்லை. கடைசியாக இன்ஃபரன்ஸ் வந்தது. எழுதாததை, எழுதியிருப்பதை வைத்துக் கண்டுபிடிப்பது. அது மட்டும் ஏறிவிட்டது. (சந்தேகப்படுவதற்குப் புள்ளி தருகிறார்கள் என்றால் யாருக்குத்தான் கசக்கும்?)

"கதையில ஒண்டும் சும்மா வராது. மூண்டு ஆதாரம் புடிச்சா முடிவு உங்கட கையில" என்றார் டீச்சர். பிறகு வீட்டுவேலை தந்தார். அவரவர் வீட்டில் நடக்கும் ஒன்றைக் கவனித்து, ஆதாரத்தோடு முடிவு எழுத வேண்டும்.

எங்கள் வீட்டில் ஆதாரம் கொட்டிக் கிடந்தது. பெருநாளுக்கும் இறங்காத பூப்போட்ட கோப்பைகளை உம்மா அலுமாரியிலிருந்து இறக்கிக் கழுவினார். உம்மாவின் தங்கை, மதுரங்குளிச் சாச்சி, ஒரே வாரத்தில் இரண்டு தரம் வந்து குசினிக்குள் உம்மாவோடு குசுகுசுத்தார். நான் உள்ளே போனதும் மீன் விலை பேசினார். சனிக்கிழமை ஆட்கள் வருகிறார்கள் என்பது மட்டும் காதில் விழுந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, எங்கள் குடும்பப் படம் சட்டத்திலிருந்து காணாமல் போயிருந்தது. அந்தப் படத்தில் நான் நன்றாக இருப்பேன்.

முடிவு: பரீட்சை முடிந்த கையோடு என்னைக் கட்டிக்கொடுக்கப் போகிறார்கள். உயர்தரம் இல்லை, கம்பஸ் இல்லை, ஒன்றும் இல்லை.

ஒன்றரைப் பக்கம் எழுதிப் புதன்கிழமை கொடுத்தேன். வியாழக்கிழமை கொப்பி திரும்பி வந்தது. பத்துக்கு ஒன்பது. என் ஆயுளில் ஆங்கிலத்தில் வாங்கிய அதிகப் புள்ளி அதுதான். 'சனிக்கிழமை எங்கள் வீட்டுக்கு வருகிறார்கள்' என்ற வரிக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு சிவப்புக் கேள்விக்குறி இருந்தது. நான் அதை மதிக்கவில்லை. ஒன்பது வாங்கியவளுக்குக் கேள்விக்குறி எதற்கு?

சனிக்கிழமை பின்னேரம் அசர் தொழுகைக்குப் பிறகு வந்தார்கள். ஒரு மாமி, அவருடைய மூத்த மகள், மருமகன். உம்மா என்னை அறைக்குள் இருந்து படிக்கச் சொன்னார். (இதுவும் ஆதாரம்.) திரை இடுக்கால் பார்த்தேன். ஃபாரிஸ் நானா புதுச் சட்டையோடு கதிரை நுனியில் இருந்து நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். தங்கச்சியை விற்கிற குற்ற உணர்ச்சி என்று எடுத்துக்கொண்டேன்.

நான் வெளியே போய் மாமிக்கு முன்னால் நின்றேன்.

"மாமி, நான் ஒண்டு சொல்லோணும். பொறகு ஏமாத்திட்டம் எண்டு சொல்லப்படாது."

உம்மாவின் கையில் தட்டு இருந்தது. அதனால்தான் எனக்கு அடி விழவில்லை.

"இந்த வீட்டுல பத்து மணிக்கு முன்னுக்கு எழும்புற பழக்கமில்ல. கோவம் வந்தா சோத்துப் பீங்கான் பறக்கும். ஒரு வேலைய எடுத்தா ஒரு கிழமை நிலைச்சு நிக்கிறதில்ல. அது எங்கட ரத்தம்."

சொன்னதெல்லாம் என் குணம். தையல் வகுப்பை ஐந்தாம் நாள் விட்டவள் நான்தான். ஆனால் ரத்தத்தை இழுத்தால் பயம் கூடும் என்று நினைத்தேன்.

மாமி கோப்பையை வாய்க்குக் கொண்டுபோகாமல் பிடித்திருந்தார். "எல்லாருக்கும் அப்பிடியா மகள்?"

"ஓம் மாமி. ஒருத்தரும் மிச்சமில்ல. நீங்க வேற எடம் பாருங்க."

மாமி நானாவை உச்சி முதல் கால் வரை ஒரு தரம் பார்த்தார். கோப்பையை வைத்தார். வட்டிலப்பம் வெட்டாமலே கிடந்தது. போய்வருகிறோம் என்று எழும்பிவிட்டார்கள்.

வேலிப் படலை சாத்தும் சத்தம் கேட்ட பிறகுதான் வாப்பா பேசினார். "அவங்க ஒன்னக் கேட்டு வரல்ல புள்ள. நானாவப் பாக்க வந்தவங்க."

எங்கள் பக்கத்தில் பெண் வீட்டார்தான் முதலில் மாப்பிள்ளை வீட்டுக்கு வந்து பார்ப்பார்கள். தில்லையடியில் மூக்குச் சிந்தத் தெரியாத பிள்ளைக்கும் இது தெரியும். எனக்கும் தெரியும். ஆனால் அந்த மாதம் வகுப்பில் படித்த கதையில் ஆண் வீட்டார் பெண் வீட்டுக்கு வந்தார்கள். நான் என் வீட்டையும் அந்தக் கதைப் புத்தகம் போலவே வாசித்துவிட்டேன். படம் போனது நானாவின் முகத்தைக் காட்ட. மூலையில் நின்ற என்னை யாரும் பார்த்திருக்கவே மாட்டார்கள்.

நானாவுக்கு அப்போது முப்பத்திரண்டு. அதற்கு முன் இரண்டு பேச்சு முறிந்திருந்தது. அதனால்தான் என் வாய்க்குப் பயந்து வீடே மறைத்திருக்கிறது. நானா புதுச் சட்டையைக் கழற்றி, மடிப்புக் கலையாமல் மடித்து, அலுமாரிக்குள் வைத்தான். என்னை ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மூன்று மாதம் ஒரு சத்தமும் இல்லை. பிறகு மாமியே ஆள் அனுப்பினார். அவருடைய இளைய மகள் ஸாஜிதா பிடிவாதமாகச் சொல்லிவிட்டாளாம்: "மத்த எடத்துல எல்லாம் முடிஞ்ச பொறகுதான் குறை தெரியவரும். இங்க முன்னுக்கே சொல்லிட்டாங்க. நான் அங்கயே போறன்."

இன்று ஸாஜிதா நானாவின் மனைவி, என் மச்சி. நானா வெள்ளிக்கிழமை எட்டரைக்கு எழும்பினாலும் என் பெயரை இழுத்து, "ரிஸ்லா அண்டைக்கே சொன்னா" என்கிறாள். பீங்கான் ஒன்று கைதவறி உடைந்தாலும் அதே பேச்சு. அவர்களுடைய பிள்ளைகளும் பாடமாக்கிவிட்டார்கள்.

இனி டீச்சருக்கு வருகிறேன். கலியாண வீட்டில் ஜெஸீமா டீச்சர் பெண் வீட்டார் பக்கம் இருந்து புரியாணி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். ஸாஜிதா அவரை ராத்தா என்றாள். பெரியம்மாவின் மகள், அக்கா முறையாம். சனிக்கிழமை யார் யாரைப் பார்க்கப் போகிறார்கள் என்று அவருக்கு முன்பே தெரியும். என் கொப்பியை வியாழக்கிழமை தந்தவரும் அவர்தான். நான் கிட்டப் போய்க் கேட்டேன். எலும்பை ஓரமாக வைத்துவிட்டு, "ஆதாரம் நல்லாத்தானே இருந்திச்சு" என்றார். அவ்வளவுதான். சிரிப்பு வேறு.

அந்தக் கொப்பி இன்னும் என்னிடம் இருக்கிறது. கேள்விக்குறியின் சிவப்பு இன்னும் மங்கவில்லை. டீச்சருக்குத் தெரிந்திருந்தது, கேள்விக்குறி போட்டிருக்கிறார், ஆனால் வாயால் சொல்லவில்லை. இதுவும் மூன்று ஆதாரம். முடிவு என் கையில் என்று சொன்னவரும் அவர்தான்.

டீச்சர் சேவையிலிருந்து இளைப்பாறும் விழாவுக்கான இந்த மலரில் மற்றவர்கள் எல்லாரும் நன்றி எழுதுவார்கள். நான் கேள்வி எழுதுகிறேன். விழாவன்று கொப்பியோடு முன்வரிசையில் இருப்பேன். மாலை போட்ட பிறகு, ஒலிவாங்கியைப் பிடித்து, எல்லாருக்கும் கேட்கும்படி சொல்லுங்கள் டீச்சர். என் விடை சரியென்றால் அந்த ஒரு புள்ளி எங்கே? பிழையென்றால் அந்த ஒன்பதும் எதற்கு?