வரிசையில் நிற்கும் என் மகளைப் பற்றி மாப்பிள்ளைக்கு

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

மாமனார் எழுதிக்கொள்வது. இங்கே எல்லோரும் நலம். என் முழங்கால் மட்டும் அதன் இஷ்டப்படி. அங்கே உங்கள் நலமும், அணைக்கட்டு மதகு வேலை எப்படிப் போகிறது என்பதும் அறிய ஆவல்.

விஷயத்துக்கு வருகிறேன். சனிக்கிழமை உங்களிடம் வருவதாக இருந்த என் மகள், வரவில்லை என்று சொல்லிவிட்டாள். "வேலை இருக்கு" என்று மட்டும் சொன்னாளாம். நீங்களும் "சரி, உன் இஷ்டம்" என்று போனை வைத்துவிட்டீர்களாம். அன்றிலிருந்து இரண்டு பேரும் பேசிக்கொள்வதில்லை என்று உங்கள் மாமியார் கண்டுபிடித்திருக்கிறார். அவள்மேல் கோபம் வேண்டாம். குற்றவாளி நான்.

குறைமாதக் குழந்தைகளை வைக்கும் கண்ணாடிப் பெட்டிக்குள் சூடான காற்று எப்படிச் சுழல்கிறது என்று அவள் கணக்குப் போடுவது உங்களுக்குத் தெரியும். எனக்குத்தான் புரிய நாளாயிற்று. ஒரு வகுப்பறை என்று வைத்துக்கொள்ளுங்கள், ஒவ்வொரு பிள்ளையும் பக்கத்துப் பிள்ளையிடம் "உன் பக்கம் காற்று எப்படி?" என்று கேட்டுக் கேட்டு விடை எழுத வேண்டும். பிள்ளைகளோ கோடிக்கணக்கில். அதனால் பல ஊர்க்காரர்கள் பங்குபோட்டுக்கொள்ளும் சூப்பர் கம்ப்யூட்டரில் வரிசையில் நிற்க வேண்டுமாம். எத்தனை மணி நேரம் வேண்டும் என்று முன்கூட்டியே எழுதித் தர வேண்டுமாம். குறைவாகக் கேட்பவர்களை, நடுவில் கிடைக்கிற சந்தில் நுழைத்துவிடுவார்களாம்.

அந்த விண்ணப்பத்தைத் திரையில் நிரப்பிவைத்து, "அப்பா, அதைத் தொட்டுராதீங்க" என்று சொல்லிவிட்டுத்தான் குளிக்கப் போனாள். எட்டிப் பார்த்தால் முழுசாக இரண்டு நாள் கேட்டிருக்கிறாள். பரீட்சை அறையிலிருந்து எப்போதும் முதலில் எழுந்து வருகிற பெண்ணுக்கு இத்தனை நேரம் எதற்கு என்று நான் அதைப் பாதியாக்கினேன். சீக்கிரம் முடித்தால் சீக்கிரம் உங்களிடம் வருவாளே என்கிற ஆசைதான். அவளும் பார்க்காமலே அனுப்பிவிட்டாள். அன்று மாலையே கணக்கு ஓட ஆரம்பித்தது, வீடே சந்தோஷத்தில் இருந்தது, நான் மட்டும் மனசுக்குள் முதுகைத் தட்டிக்கொண்டேன், மறுநாள் மணி அடித்ததும் கண்காணிப்பாளர் விடைத்தாளைப் பிடுங்குவதுபோல் இயந்திரம் பிடுங்கிக்கொண்டது. இடையிடையே சேமித்துவைக்க அவள் பங்கில் இடமும் இல்லையாம். எழுதியது அத்தனையும் போச்சு.

"அப்பா, நேரத்த நீங்க மாத்துனீங்களா?"

"பாதியாக்கினேம்மா."

"சரி, சாப்பிட வாங்க" என்றாள். திட்டியிருந்தால் ரெண்டு கவளமாவது இறங்கியிருக்கும்.

இப்போது மறுபடியும் வரிசையின் வாலில் நிற்கிறாள். முன்னால் ஒரு மகானுபாவர். பெயர் கிடையாது, எழுத்தும் எண்ணுமாய் ஒரு அடையாளம்தான். பேருந்தில் பையையும் குடையையும் பரப்பி நாலு இருக்கை பிடிப்பவர் மாதிரி, இயந்திரத்தில் பாதியை வளைத்துப்போட்டு உட்கார்ந்திருக்கிறார். இந்த ஆளுக்கு வீடு வாசல் கிடையாதா, பெண்டாட்டி கிடையாதா? நிர்வாகிக்குப் புகார் எழுதுகிறேன் என்றேன். அவருக்கும் அவசரம் இருக்கும், பாவம் என்று இவள் பரிந்து பேசுகிறாள். முகம் தெரியாத ஆளுக்கே இப்படி இரங்குகிறவளிடமா கோபித்துக்கொள்வது? நீங்களே கூப்பிட்டு ஒரு வார்த்தை பேசுங்கள்.

இருவரும் ஒருவருக்கொருவர் அலுத்துப்போகாமல் நெடுங்காலம் வாழ நானும் உங்கள் மாமியாரும் வாழ்த்துகிறோம்.

அன்புடன்,
மாமனார்

பி.கு.: இதைப் போனில் படம் பிடித்து உங்களுக்கு அனுப்பச் சொல்லி, படிக்காதே என்று சொல்லித்தான் அவளிடம் கொடுத்தேன். படித்துவிட்டாள். சிரித்தாள், அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அப்பா, அந்த மகானுபாவர் உங்க மாப்பிள்ளைதான்."

அந்த அடையாளம் உங்களுடையதாம். இயந்திரத்தில் பாதியை வளைத்துப்போட்டது உங்கள் மதகுத் தண்ணீர்க் கணக்காம். அவரிடம் சொல்லியிருக்கலாமே என்றேன்.

"சொன்னா தன் வேலையை நிறுத்திட்டு எனக்கு வழி விட்டுருவாருப்பா. பாதி ஓடினது போனா எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியாதா?"

ஆகவே மகானுபாவர், பை, குடை எல்லாம் வாபஸ். வேலையை நிறுத்திவிடாதீர்கள், முடிந்ததும் நீங்களே இங்கே வந்துவிடுங்கள். கடிதத்தைக் கிழித்துப்போடச் சொல்லியிருக்கிறாள். தொடாதே என்றதைத் தொட்டுக் கெடுத்தேன். கிழி என்றதைக் கிழிக்காமல் சரிசெய்யப் பார்க்கிறேன். உங்கள் மாமியாரின் போனில் நானே படம் பிடித்து அனுப்புகிறேன். ஓரத்தில் தெரிவது என் கட்டைவிரல்.