மச்சான் மட்டும் தெளிவாக விழுந்த படம்

திண்டிவனம்,
20-6-2011

அன்புள்ள மருமகன் ஆண்டோவுக்கு, தாய்மாமன் பாக்கியராஜ் ஆசியுடன் எழுதுவது. ஆண்டவர் புண்ணியத்தில் இங்கு எல்லோரும் நலம். உன் அப்பாவை அடக்கம் செய்த வாரத்தில் இப்படி எழுதக் கூடாதுதான். பழக்கத்தில் கை எழுதிவிட்டது, அடித்தால் அசிங்கமாக இருக்குமென்று விட்டுவிட்டேன். மஸ்கட்டில் நீயும் நலமென்று நம்புகிறேன். போனில் சொல்லலாமே என்பாய். போனில் நான் பாதி சொல்வதற்குள் நீ கத்துவாய். கடிதத்தில் கத்த முடியாது. இதோடு ஒரு சி.டி. வைத்திருக்கிறேன். கடிதத்தை முழுக்கப் படித்துவிட்டு அதைப் போட்டுப் பார்.

கம்பெனியில் லீவு இல்லை என்று சொல்லி அழுத அன்று நீ என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று. "பெரியப்பா வந்தாரு, அழுதாருன்னு வாயால சொல்லாதீங்க மாமா. ரெண்டு பக்கமும் நல்லவரா இருக்கணும்னு நீங்க எத வேணா சொல்லுவீங்க. ஸ்டுடியோக்காரன் படமும் வாணாம், ஊர்லயே இல்லாத ஆள கம்ப்யூட்டர்ல ஒட்டிக் குடுக்கறானுங்க. கிறிஸ்துமஸுக்கு உட்டுட்டு வந்தேனே, உங்ககிட்ட கீற அந்தக் கேமராவுல நீங்களே எடுங்க. அதுல பெரியப்பா அப்பா பக்கத்துல நின்னா, ரெண்டு வூட்டுக்கும் நடுவுல கீற செவத்துத் தகராறு அப்பாவோட போச்சு. இல்லன்னா லீவுல வந்ததும் நேரா வக்கீல் வூட்டுக்குத்தான்" என்றாய். முதலில் கோபம் வந்தது. யோசித்தால் நியாயமாகப் பட்டது. காயை உடைத்துக் கடலையைப் பார்க்காமல் வாய்ப்பேச்சில் மல்லாட்டை மூட்டை வாங்குகிற மண்டிக்காரன் நானும் இல்லை. ஆகவே கேமராவை எடுத்துக்கொண்டு வளவனூருக்கு பஸ் ஏறினேன்.

காலையில் கூடத்தில் பெட்டிக்குள் மச்சானை வைத்ததும் முதல் படம் எடுத்தேன். கேமராவின் சக்கரத்தை, தானாக எடுக்கும் இடத்தில் திருகி வைத்திருந்தேன். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, பெட்டிக்குள் வெள்ளை சாட்டின் துணி, மேலே சம்பங்கி மாலை. இவ்வளவு வெள்ளையை ஒரே இடத்தில் பார்த்த கேமரா, வெளிச்சம் அதிகம் என்று தானே முடிவு செய்து எல்லாவற்றையும் குறைத்துவிட்டது. துணி சாம்பல் நிறம், முகம் அடுப்புக்கரி. உன் அம்மா அழுகையை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தாள். "இன்னாண்ணே இது, உயிரோட இருக்கும்போதுதான் அவர கருவாயன்னு சொல்லிக்கினு இருந்தீங்க, இப்பவுமா?" என்றாள். வெள்ளையோ கறுப்போ, எந்தச் சரக்கைக் காட்டினாலும் கேமரா நடுத்தரம் என்றே மதிப்புப் போடும் என்று நீ சொன்னது அப்போதுதான் ஞாபகம் வந்தது. அப்படி ஒரு தரகன் எங்கள் மண்டியிலும் இருந்தான், முதல்தரத்துக்கும் சொத்தைக்கும் ஒரே விலை எழுதுவான், சீக்கிரமே அனுப்பிவிட்டோம். சக்கரத்தை வேறு இடத்துக்கு மாற்றி, வெளிச்சத்தைக் கூட்டுகிற கூட்டல் குறி பக்கம் நன்றாகத் திருகினேன். துணி வெளுத்தது, கூடவே முகமும் வெளுத்தது. பக்கத்து வீட்டு வெள்ளையம்மாள் பார்த்துவிட்டு, "அண்ணன் சாவறதுக்கு முன்னாடி சீமைக்கு எங்கனா போய் வந்தாரா?" என்று கேட்டார். கொஞ்சம் குறை என்று ஒருவர், இல்லை இதுதான் லட்சணம் என்று இன்னொருவர். ஒப்பாரி வைக்க வந்தவர்கள் எல்லாம் கலர் சொல்ல என் பின்னால் வந்து நின்றுகொண்டார்கள். ஒரு கட்டத்தில் பெட்டிப் பக்கம் ஆளே இல்லை, மச்சான் தனியாகப் படுத்திருந்தார்.

பிறகு ஜெபம். கூட்டம் வாசலை அடைத்ததில் கூடத்தில் இருட்டு, அதனால் மறுபடி தானாக எடுக்கும் இடத்துக்கே வந்தேன். அது என் தப்பு. பங்குச் சாமியார், நித்திய வெளிச்சம் இவர்மேல் பிரகாசிக்கட்டும் என்று மன்றாடிய அதே நேரம் கேமராவின் தலையிலிருந்து பிளாஷ் தானாக எழும்பிப் பளீரென்று அடித்தது. ஆமென் சொல்ல வேண்டியவர்கள் சிரித்துவிட்டார்கள். கடைசி வரிசையில்தான், ஆனாலும் சிரித்தார்கள். சாமியார் கண்ணைத் திறந்து, "பாக்கியராஜ், நான் கேட்ட வெளிச்சம் இது இல்லீங்க" என்றார். அதோடு 'தானாக' என்பதையே விட்டுவிட்டேன். தன் இஷ்டத்துக்கு நடக்கிற ஆளை நான் கடையிலும் வைத்துக்கொள்வதில்லை. எல்லாவற்றையும் நாமே வைக்கிற, எம் என்று போட்ட இடத்தில் திருகினேன். இனி கெட்டாலும் என் கையால் கெடட்டும்.

மதியமே பெட்டியை எடுக்க வேண்டியது. உன் தங்கை சகாய பிரியா சென்னையிலிருந்து வந்த வேன் விக்கிரவாண்டி பக்கம் பஞ்சராகி நின்றுவிட்டது. அவள் வந்து சேர்ந்தபோது வெயில் போய், பந்தலுக்குக் கீழே மசமசவென்று ஆகிவிட்டது. உன் பெரியப்பா சின்னப்பன் காலையிலிருந்து சுவருக்கு அந்தப் பக்கம் தன் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். இங்கே வரவும் இல்லை, எழுந்து உள்ளே போகவும் இல்லை. முகம் தெரிவதற்காகத் தலைமாட்டில் செங்கல் கொடுத்துப் பெட்டியைத் தூக்கி வைத்தார்கள். "பொட்டிய மூடப்போறாங்க, குடும்பத்து ஆளுங்கள்லாம் வந்து நில்லுங்க" என்று சத்தம் போட்டேன், சுவருக்கு அந்தப் பக்கம் கேட்கிற மாதிரி. நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. வந்தார். யாரையும் பார்க்கவில்லை. தலைமாட்டில், உன் அம்மாவுக்கு எதிர்ப்பக்கம் போய் நின்றார். இதைவிட்டால் இன்னொரு தடவை அவரை அங்கே நிறுத்த யாராலும் முடியாது.

இந்த இடத்தில் உன் மேல் எனக்கு வருத்தம் உண்டு. முன்வரிசை பின்வரிசை எல்லாம் தெளிவாக விழ லென்ஸ் ஓட்டையைச் சிறிதாக்கச் சொல்லியிருந்தாய், சிறிதாக்கினேன். ஐ.எஸ்.ஓ.வை ஏற்றினால் புள்ளி புள்ளியாக வரும், ஏற்றாதீங்க என்றிருந்தாய், ஏற்றவில்லை. எங்கள் கணக்கில் சொன்னால், வெளிச்சம்தான் மூட்டை, ஓட்டை என்பது குடோன் கதவு, ஐ.எஸ்.ஓ. என்பது மூட்டை இறக்குகிற ஆள். ஆளை விரட்டினால் சீக்கிரம் இறக்குவான், ஆனால் சிந்துவான்; அந்தச் சிந்தல்தான் புள்ளி. கதவும் பாதிதான் திறக்கணும், ஆளையும் விரட்டக் கூடாது என்றால், கதவை ரொம்ப நேரம் திறந்து வைப்பதைத் தவிர வேறு வழி என்ன? உள்ளே தெரியும், வெளிச்சம் காட்டுகிற முள் நடுவுக்கு வரும்வரை நேரத்தை நீட்டினேன். இரண்டு நொடியில் வந்தது. சவ வண்டியின் பானெட்டில் ஜெபப் புத்தகங்களை அடுக்கி அதன்மேல் கேமராவை வைத்து, "யாரும் அசையாதீங்க" என்று சொல்லி அழுத்தினேன். கதவு திறந்து கிடந்த அந்த நேரம் பார்த்து உன் அம்மா, "என்னாங்க" என்று ஒரே ஒரு தடவை அவரைக் கூப்பிட்டாள். அத்தனை பேரும் உடைந்துவிட்டார்கள். கேமரா மூடிக்கொண்டது. பெட்டியையும் மூடிவிட்டார்கள்.

கல்லறையிலிருந்து திரும்பி வந்து பார்த்தோம். வெளிச்சத்தில் ஒரு குறை சொல்ல முடியாது. துணி வெள்ளை, முகம் அவருடைய நிறம், மாலையில் பூப்பூவாகத் தெரிகிறது, மீசையில் நரை தெரிகிறது. நான் சொன்னபடி அசையாமல் இருந்தவர் மச்சான் ஒருவர்தான். மற்ற எல்லோரும் புகை. சகாய பிரியா, "மாமா, இதுல அப்பாதான் உயிரோட கீறாரு, நாங்கள்லாம் ஆவியா கீறோம்" என்றாள். உன் சித்தி ஜாக்குலின், "இம்மாந்தூரம் வந்ததுக்கு என் மூஞ்சியே இல்லயே, ஆண்டோ கேட்டா இன்னா சொல்லுவேன், ஜல்தியா இன்னொருக்கா எடுங்க" என்று குதித்தாள். "யார நடுவுல வெச்சு எடுக்கறது?" என்று கேட்டேன். உன் பெரியப்பா நின்ற இடத்தில் ரப்பரால் அழித்தாற்போல ஒரு வெள்ளைத் தீற்றல். தலை எது தோள் எது என்று எனக்கே தெரியவில்லை. வக்கீலுக்கு வேலை வந்துவிட்டது என்றே நினைத்தேன்.

ஆனால் கெட்ட சரக்கையும் நான் கொட்டிப் பார்க்காமல் ஒதுக்குவதில்லை. கம்ப்யூட்டர் கடையில் உட்கார்ந்து பெரிதாக்கிப் பார்த்தேன். எல்லோரும் ஒரே அளவு கலையவில்லை ஆண்டோ. மரியாதைக்கு வந்து ஓரமாக நின்ற தெருக்காரர் சீனுவாசனுக்குச் சட்டைப்பையில் பேனா கூடத் தெரிகிறது. ஜாக்குலின் பாதி தெரிகிறாள், இதை அவளிடம் சொல்லாதே. உன் அம்மாவும் தங்கையும் தோளுக்கு மேல் இல்லை. அடையாளமே இல்லாமல் கலைந்திருப்பவர் உன் பெரியப்பா ஒருவர்தான். சும்மா நின்றவருக்கு அப்படி விழாது. சந்தேகமென்றால் அதே இரண்டு நொடி வைத்து நீயே யாரையாவது எடுத்துப் பார்.

அது அவர்தான் என்பதற்கு என்ன சாட்சி என்பாய். பெட்டியின் விளிம்பைப் பார், உன் அப்பாவின் இடது தோளுக்குப் பக்கத்தில். ஒரு கை விளிம்பைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. பிடித்த பிடியில் அது மட்டும் அசையவில்லை, நகம் வரை தெளிவு. ஆள்காட்டி விரலில் மேல்பாதி கிடையாது. கரும்பு ஆலையில் விரலை விட்டவர் உங்கள் குடும்பத்தில் யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. ஒட்டுவேலை செய்கிறவன் முகத்தைத்தான் ஒட்டுவான்; முகத்தை அழித்துவிட்டு அரை விரலை ஒட்ட மாட்டான்.

சுவரை என்ன செய்வதென்று நீயே முடிவு செய்துகொள். பெரியப்பா அப்பா பக்கத்தில் நின்றதற்கு இந்த உலகத்தில் இந்த ஒரு படம்தான் இருக்கிறது, பத்திரமாக வைத்துக்கொள். வேளைக்குச் சாப்பிடு. அங்கே பூசை என்ன பாஷையில் நடந்தாலும் ஞாயிற்றுக்கிழமை போய் உட்கார். உன் அம்மாவை நான் பார்த்துக்கொள்கிறேன், அதைப் பற்றிக் கவலை வேண்டாம். உன் அத்தை விசாரித்ததாக எழுதச் சொன்னாள். தேவமாதா உன்னைக் காக்கட்டும்.

இப்படிக்கு,
உன் மாமா,
பாக்கியராஜ்

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும் நேரத்தில் உன் பெரியப்பாவே பஸ் பிடித்துக் கடைக்கு வந்துவிட்டார். நான் பானெட்டில் புத்தகத்தை அடுக்கிக்கொண்டிருந்தபோது அவருடைய மருமகன் செல்போனில் ஒரு படம் எடுத்தானாம். அந்தப் போனையே கொண்டுவந்திருந்தார். பார்த்தேன். எதையும் திருகாமல் எடுத்தது. எல்லோரும் தெளிவு. பெரியப்பா தலை முதல் கால் வரை முழுசாக, உன் அப்பா பக்கத்தில். மேலே நான் எழுதிய எதுவும் தேவையே இல்லை. "இதையே பையனுக்கு அனுப்பிடலாங்களா?" என்று கேட்டேன். போனை வாங்கித் தன் முகத்தை ஒரு தடவை பார்த்தார். "வாணாம் மாப்ள. இதுல நான் மொறைச்சிக்கினு நிக்கறாப்ல கீது. நீ எடுத்தியே, அந்தப் பாழாப்போன படத்தையே அனுப்பு" என்றார். அதையே அனுப்பியிருக்கிறேன்.