பெரட்டு அண்ணனும் என் அரைப்பேரும்

எரிமலையே காலையில் எழுந்து வந்தாலும் பெரட்டு அண்ணன் அதை வரிசையில் நிறுத்திப் பேர் கூப்பிட்டுவிட்டுத்தான் வெடிக்க விடுவார்.

சாந்தன்பாறையில் எஸ்டேட் சூப்பர்வைசராக இருந்தவர். காலையில் வேலையாட்களை நிறுத்திப் பேர் கூப்பிடுவதற்குப் பெரட்டு என்று பெயர். ஓய்வு பெற்று டூரிஸ்ட் வழிகாட்டியான பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. ஏலக்காய் கைகொடுத்த ஒரு வருடம், நாங்கள் பதினான்கு பேர் அவரை நம்பி ஐஸ்லாந்துக்குக் கிளம்பினோம். ஏர்போர்ட்டில் பெரட்டு, விமானத்தில் பெரட்டு, கழிப்பறை வாசலிலும் பெரட்டு.

எஸ்டேட்டில் தாமதமாக வந்தால் அரைப்பேர். அதாவது, பாதி நாள் வந்ததாகத்தான் எழுதுவார்கள். சுற்றுலாவில் அப்படி எழுத வழியில்லாததால் அண்ணன் பேரையே பாதியாக வெட்டினார். முதல் நாள் பஸ்ஸுக்கு ஐந்து நிமிடம் பிந்திய ராசமாணிக்கமாகிய நான் 'ராசமா' ஆனேன். என் மனைவிக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"அண்ணே, முழுசாக் கூப்பிடக் கூடாதா?"

"நேரத்துக்கு வா, தாரேன்."

மூன்றாம் நாள் எரிமலைக் குகை. உள்ளூர் வழிகாட்டிப் பெண் ஆங்கிலத்தில் விளக்கினாள். அண்ணன் தமிழில் சொன்னார்: "நெருப்புக் குழம்பு ஓடுன வாய்க்காலுய்யா இது. மேல பாலாடை மாதிரி கட்டிருச்சு, உள்ள இருந்தது வடிஞ்சுபோச்சு."

பிறகு அவள் எல்லோரையும் தலைவிளக்கை அணைக்கச் சொன்னாள். எனக்கு இருட்டென்றால் சிறுவயதிலிருந்தே பயம். மனைவிக்குக்கூடத் தெரியாது. எல்லா விளக்கும் அணைந்தது. அண்ணன் சும்மா இருப்பாரா? அந்த இருட்டிலும் பெரட்டு ஆரம்பித்தார்.

"ராசமா."

எனக்கு வாயில் காற்றுதான் வந்தது.

"ராசமா!... ஏய், ராசமாணிக்கம்! ராசமாணிக்கம்! லைட்டப் போடுங்கய்யா, என் ஆளு ஒருத்தன் கொறையுறான்!"

விளக்குகள் எரிந்தன. கல்லில் இடறி, கூரையில் இரண்டு முறை ஹெல்மெட்டை முட்டிக்கொண்டு ஓடிவந்து என் கையைப் பிடித்தார். "வாயத் தொறக்காட்டா எப்படிய்யா பேரு போடுறது?" என்று திட்டினார். ஆனால் வெளியே வரும்வரை கையை விடவில்லை.

மறுநாள் பனிப்பாறைக்கு அடியில் நீலமாக ஒரு ஐஸ் குகை. கோடையில் இது உருகிப் போய்விடும் என்றாள் அந்தப் பெண். அண்ணன் அண்ணாந்து பார்த்து, "அப்ப அடுத்த வருசம் பெரட்டுக்கு இது வராது" என்று வருத்தப்பட்டார். அன்று வரிசையில் முதல் ஆளாக நின்றேன்.

"ராசமா."

"அண்ணே! இன்னைக்கு நாந்தானே மொதல்ல வந்தேன்?"

"முழுப்பேரு அவசரத்துக்கு வச்சிருக்கேன்யா."

ஊர் திரும்பியும், டீக்கடையில் அத்தனை பேர் முன்னால் 'ராசமா' என்றுதான் கூப்பிடுகிறார். எனக்குக் கடைசிவரை அந்த அரைப்பேரே போதும்.