அவங்களுக்கு வேற கடல்

மனைவியை வெளியூர் வேலைக்கு அனுப்புவதில்லை என்று அறிவிப்பாளர் முடிவு கட்டிவிட்டார். ஊருக்கே ஒலிபெருக்கியில் அறிவித்தவர்தான். ஆனால் இதை அவளிடம் அறிவிக்கத் துணிச்சல் வரவில்லை.

ரயில் நிலையத்தில் அவருக்குப் பதிலாகப் பதிவு செய்த குரல் வந்த பிறகு அவர் வீட்டோடுதான் இருந்தார். அவளோ ஓர் இணைய இணைப்பு நிறுவனத்தின் புகார்ப் பிரிவுக்கு மனுப் போட்டிருந்தாள். இன்று காணொளியில் நேர்காணல். கிடைத்தால் வேறு ஊர். இத்தனை அறைகளில் அவர் ஒண்டியாக, சுவரோடு பேசிக்கொண்டு...

அவள் கதவைச் சாத்திக்கொண்டு லேப்டாப் முன் உட்கார்ந்தாள். அவர் கூடத்து அலமாரிக்குப் பின்னால் கையை விட்டு, மோடத்தின் வயரை உருவினார். பச்சை விளக்கு சிவந்தது. அவர் முகம் வெளுத்தது.

சற்று நேரத்தில் கதவு படாரென்று திறந்தது.

"என்னங்க, நெட் போயிடுச்சே!"

"அ... அப்படியா? எவனாவது கப்பல்காரன் நங்கூரத்தைப் போட்டிருப்பான். கடலுக்கடியில கேபிள் அறுந்திருக்கும்."

"பக்கத்து வீட்டுல நெட்ல படம் ஓடுதே?"

"அவங்களுக்கு வேற கடல்."

அவள் இமைக்காமல் பார்த்தாள். பேச்சை நிறுத்தினால் மாட்டிக்கொள்வோம் என்று அவருக்குப் பயம்.

"பூகம்பமா இருக்கலாம். சூரியப் புயலா இருக்கலாம். எங்கயோ பரீட்சையில காப்பியடிக்கறாங்கன்னு அரசாங்கமே நிறுத்தியிருக்கலாம். ஆங்... கரண்ட்! கரண்ட் போயிருக்கும்!"

"தலைக்கு மேல ஃபேன் சுத்துது."

"அது பழைய வேகத்துல சுத்துது."

"சரி, இதெல்லாம் எப்போ சரியாகும்?"

"லேசுப்பட்ட வேலையா? கப்பல் போகணும், அலை அடங்கணும், கேபிளைத் தூக்கி ஒட்டணும்... நீ இந்த வேலையை மறந்துடு. தனியா இருக்க என்னால... உன்னால முடியாது."

உள்ளே யாரோ இருமினார்கள். மேஜைமேல் லேப்டாப் வாசலைப் பார்த்துத் திறந்திருந்தது. திரையில் மூன்று அதிகாரிகள் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள்.

"நெட் போனதுமே என் போன்ல இணைச்சுட்டேன்," என்றாள் மனைவி. "கோளாறுக்குக் காரணத்தை எப்படிக் கண்டுபிடிப்பீங்கன்னு கேட்டாங்க. 'கதவைத் திறந்து கேட்டாப் போதும்'னு சொல்லிட்டு வந்தேன்."

நடுவில் இருந்த பெண் அதிகாரி ஒருவழியாகச் சிரிப்பை அடக்கினார். "வேலை உங்களுக்குத்தாம்மா. சார், நீங்களும் கூடவே வந்துடுங்க. வாடிக்கையாளர்களுக்குக் காரணம் சொல்ற இடம் ஒண்ணு காலியா இருக்கு."

கூடவே! அறிவிப்பாளருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, நெஞ்சை நிமிர்த்தி, பழைய ஒலிபெருக்கிக் குரலில் கேட்டார்:

"அங்க எனக்கு மேலதிகாரி யாருங்க?"

"வீட்டுல யாரோ அவங்களேதான் சார்."