ஊழியைக் கடத்து

மனித நாகரிகம் நெருப்பில் தொடங்கி 'எஃகுச் சூறாவளி 3000' என்ற திரைப்படத்தில் நிறைவுபெற்றது. இடையில் குறிப்பிடும்படியாக எதுவும் நடக்கவில்லை என்பது எங்கள் ஆய்வுக் கழகத்தின் நிலைப்பாடு.

படத்தைப் பார்க்கும் பேறு கிடைக்காதவர்களுக்குச் சில தகவல்கள். மூடிக் கிடந்த பல்பு தொழிற்சாலை ஒன்றில் ஒன்பது நாளில் எடுத்த படம். விண்கலமாக வருவது கூந்தல் உலர்த்தும் கருவி. லேசர் கதிர்கள் படச்சுருளில் ஊசியால் கீறியவை. வெளியான மூன்றாம் நாளே தூக்கிவிட்டார்கள். இருபத்தைந்து ஆண்டு கழித்து யாரோ ஒரு பழைய கேசட்டில் அதைக் கண்டெடுத்தார்கள். அன்றுமுதல் படத்திலிருந்த தவறுகள் எல்லாம் 'உத்தி' ஆயின. செவ்வாய் கிரகத்தில் கதாநாயகன் பின்னால் ஒரு சைக்கிள் போகிறதே, அது 'காலம்'.

எல்லாப் புகழுக்கும் காரணம் உலோகன் என்ற போர் எந்திரம். பெயர்ப் பட்டியலில் 'உலோகனாக: உலோகன்' என்றுதான் இருக்கிறது. இயக்குநர் நிஜமாகவே ஒரு தானியங்கி எந்திரத்தைச் செய்துவிட்டு, அந்த ரகசியத்தோடு காலமானார் என்பது ரசிகர்களின் நம்பிக்கை. கடைசிக் காட்சியில் உலோகன் முழங்காலில் விழுந்து, உடல் நடுங்கி, மார்பில் இரண்டு முறை அடித்துக்கொண்டு, "ஊழியைக் கடத்து!" என்று முழங்கிச் சாய்வான். இங்கே 'கடத்து' என்பது கடக்கச் செய்தலா, கள்ளக் கடத்தலா என்று நானூறு பக்கம் ஆராய்ந்து எங்கள் பேராசிரியர் முனைவர் பட்டம் பெற்றார். அதே இரண்டு சொல்லைப் பனியனில் அச்சிட்டு விற்றவரை நாங்கள் டி-ஷர்ட்காரர் என்போம்.

சென்ற ஞாயிறு காலை கழகத்தின் உறுப்பினர்கள் நால்வரும் கூடினோம். தலைவர் பல் மருத்துவர். ஆகவே கூட்டம் அவருடைய கிளினிக்கின் காத்திருப்பு அறையில், வாய் கொப்பளிக்கும் முறையை விளக்கும் படத்தின் கீழ் நடந்தது. நான் இயற்பியல் பட்டதாரி. ஆகவே 'அறிவியல் ஆலோசகர்'. நான் பேசுவதில்லை, கூட்டக் குறிப்பு எழுதுவேன்.

படம் புதுப்பிக்கப்பட்டு அடுத்த மாதம் வெளிவருகிறது. பெயர்ப் பட்டியலைக் கழகம் சரிபார்த்து அனுப்ப வேண்டும். இந்த நேரத்தில் ஒரு கடிதம் வந்திருந்தது. உலோகனுக்குள் இருந்தது தான்தான், தன் பெயரைச் சேர்க்க வேண்டும் என்று ஒரு பெண்மணி கேட்டிருந்தார். அவர் என் அத்தை. கூட்டத்துக்கும் நேரில் வந்திருந்தார்.

"ஏம்மா, உலோகன் ஆம்பளையாச்சே?" என்று தலைவர் விசாரணையைத் தொடங்கினார்.

"தகரத்துல ஏதுங்க ஆம்பளை பொம்பளை? துணி தைக்கத்தான் போனேன். அந்த டப்பாக்குள்ள நுழையற அளவுக்கு ஒல்லியா இருந்தது நான் ஒருத்திதான்."

"'டப்பா'ங்கற சொல்லைக் குறிப்பிலேர்ந்து எடுத்துடும்மா" என்றார் தலைவர் என்னிடம். எடுத்தேன்.

பேராசிரியர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். "நீங்கதான்னே வச்சுக்குவோம். 'ஊழியைக் கடத்து'ன்னு சொல்றப்ப உங்க மனசுல என்ன தத்துவம் ஓடிச்சு?"

"அப்படி நான் எங்கங்க சொன்னேன்? 'மூடியைக் கழட்டு'ன்னு கத்தினேன்."

டி-ஷர்ட்காரர் குனிந்து தன் மார்பை ஒருமுறை படித்துப் பார்த்தார்.

"மூச்சுவிட ஓட்டை வைக்கலை" என்றார் அத்தை. "வச்சா உள்ள ஆள் இருக்கறது தெரிஞ்சுடும்னாரு டைரக்டர். மூடிக்கு நாலு திருகு, நாலும் வெளிப்பக்கம். நான் கத்தறேன், நெஞ்சுல தட்டறேன். அவரு 'அருமை, அருமை, இன்னும் கொஞ்சம்'ங்கறாரு. கண்ணு முழிச்சப்ப தரையில கிடக்கறேன். சுத்தி நின்னு கை தட்டறாங்க."

"அப்ப என் நானூறு பக்கம்?"

"என்னை ஒரு வார்த்தை கேட்டிருந்தா நாலு வரியில முடிஞ்சிருக்கும் சார்."

"'மூடியைக் கழட்டு'ன்னு போட்டா எவன் வாங்குவான்?" என்று டி-ஷர்ட்காரர் கலங்கினார். "தண்ணி பாட்டில் கம்பெனிக்காரன்தான் வாங்குவான்."

பேராசிரியர் சிக்கலைத் தெளிவுபடுத்தினார். "உள்ளே எந்திரம் இருந்தா இது காவியம். மனுஷி இருந்தா மட்டமான படம். நடுவுல எதுவும் கிடையாது."

சோதித்துவிடுவது என்று முடிவாயிற்று. கழகத்தின் பொக்கிஷமான உலோகன் அதே அறையில் ஒரு கண்ணாடி அலமாரியில்தான் நிற்கிறான்.

"உள்ளே போய்க் காட்டுங்கம்மா" என்றார் தலைவர். "நிரூபிச்சா பேரைப் போட்டுடலாம்."

அத்தைக்கு அறுபத்திரண்டு வயது. இன்றும் ஒல்லிதான். அலமாரியைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு கைப்பையிலிருந்து ஒரு ஸ்க்ரூ டிரைவரை எடுத்து என் கையில் வைத்தார்.

"நான் தட்டின உடனே கழட்டிடு கண்ணு. இவங்களை நம்பி நான் உள்ள போகலை."

தலைவரே திருகுகளை முடுக்கினார். பழக்கத்தில், "வலிச்சா கையைத் தூக்குங்க" என்றார். தகரக் கை தோளுக்கு மேல் எழாது என்பது யாருக்கும் தோன்றவில்லை.

உலோகன் மூன்றடி நடந்தான். நின்றான். முழங்காலில் விழுந்தான். உடல் நடுங்கியது. மார்பில் இரண்டு முறை அடித்துக்கொண்டான். உள்ளிருந்து ஒரு குரல் வந்தது.

"ஊழியைக் கடத்து!" என்று பேராசிரியர் எழுந்து நின்று அழுதார். "அதே உச்சரிப்பு! அதே துறவு!"

டி-ஷர்ட்காரர் செல்போனில் படம் எடுத்தார். "அப்படியே இருங்க, கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்பி..."

"இத்தனை வருஷம் கழிச்சும் எந்திரம் ஓடுதேய்யா!" என்று தலைவர் கை தட்டினார்.

பிறகு நான் திருகுகளைக் கழற்றினேன். அத்தையின் உதடு நீலமாக இருந்தது. சுவரில் சாய்ந்து உட்கார்ந்து வெகுநேரம் மூச்சு வாங்கினார். பேச வந்ததும், "பேரு போட்டாச்சா?" என்று கேட்டார். என்னைப் பார்த்துக் கேட்கவில்லை.

உலோகன் நல்ல முறையில் இயங்கியதால் அது எந்திரமே என்றும், எந்திரத்துக்குப் பெயர் தேவையில்லை என்றும், படம் தன் புகழுக்கு முற்றிலும் தகுதியானது என்றும் கழகம் ஏகமனதாகத் தீர்மானித்தது. இதற்கு அறிவியல் ஆலோசகரின் சான்றிதழை இணைத்து அனுப்பும்படி எனக்கு ஆணை.

பட்டியலைத் தட்டச்சு செய்து அனுப்புவது என் வேலை. உலோகனுக்கு நேரே அத்தையின் பெயரை முழுதாக அடித்தேன். சான்றிதழையும் இணைத்தேன். அது வருமாறு:

'பக்கத்தில் ஓர் உயிர் மூச்சுத் திணறினாலும் தன் வேலையை நிறுத்தாதது எதுவோ, அது எந்திரம். இந்த வரையறைப்படி அந்த அறையில் எந்திரங்கள் இருந்தன என்று சான்றளிக்கிறேன். எண்ணிக்கை நான்கு. ஒன்று கை தட்டியது. ஒன்று அழுதது. ஒன்று படம் எடுத்தது. இன்னொன்று, ஒரு கையில் ஸ்க்ரூ டிரைவரை வைத்துக்கொண்டு, மறு கையால் கூட்டக் குறிப்பை எழுதி முடித்தது.'