புல்லு அண்ணை அயர்லாந்து போன கதை

ரொறன்ரோவில் இருக்கும் அத்தனை தமிழரிலும், புல்லின் முகத்தைப் பார்த்தே அதற்குக் காய்ச்சலா தாகமா என்று சொல்லக்கூடியவர் புல்லு அண்ணை ஒருவர்தான். மில்லிக்கனில் எங்களுக்கு அடுத்த வீடு. இருபத்திரண்டு வருடமாக ஒரு கோல்ஃப் மைதானத்தில் புல் வெட்டுகிறார். பந்தை ஒருமுறைகூட அடித்ததில்லை. "அடிச்சால் புல்லுக்கு நோகும்" என்பார்.

ஒருதரம் பக்கத்து நகரமான அஜக்ஸில் நண்பர் ஒருவரின் வீடு குடிபுகுதலுக்குப் போயிருந்தோம். எல்லோரும் குசினியின் அடுப்பையும் அலுமாரியையும் புகழ்ந்துகொண்டிருக்க, பின்வளவுப் புல்லைப் பார்த்துவிட்டு வந்த புல்லு அண்ணை வீட்டுக்காரரின் கையைப் பிடித்து, "வேர் அழுகிப்போச்சு தம்பி. மனசைத் தளரவிடாதையுங்கோ" என்றார், செத்தவீட்டுக் குரலில். அதற்குப் பிறகு அந்த வீட்டிலிருந்து எங்களுக்கு அழைப்பே வரவில்லை.

எங்கள் இருபத்தைந்தாவது கல்யாண நாளுக்கு நானும் மனைவி மலரும் அயர்லாந்து போக ஏற்பாடு செய்தோம். கடலோரத்தில் ஒரு சின்ன ஊர். கோல்ஃபுக்கும் இயற்கைக் காட்சிக்கும் பெயர்போனது. வேலிக்கு மேலால் புல்லு அண்ணையிடம் வாய்தவறிச் சொல்லிவிட்டேன்.

"அங்கத்தைப் புல்லு உப்புக்காத்திலை வளருதாம். நானும் வாறன்" என்றார்.

மலர் என்னை உள்ளே இழுத்தாள். "இஞ்சாருங்கோ, ஹனிமூனுக்கு உங்கட அக்கா வந்தவா. இப்ப இவரோ?"

வந்தார். அந்த ஊரில் எல்லோரும் கடலைப் பார்த்து நிற்க, கடலுக்கு முதுகைக் காட்டி நின்றவர் அவர் ஒருவர்தான். இரண்டாம் நாள் காலை மைதானத்தின் ஓரமாக நடந்துகொண்டிருந்தோம். திரும்பிப் பார்த்தால் ஆளைக் காணோம். சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டு, பந்து விழும் குழியைச் சுற்றி ஒட்ட வெட்டிய புல்லில் கன்னத்தை வைத்துப் படுத்திருந்தார். விளையாட வந்த நாலுபேர் கத்தினார்கள். முகம் சிவந்த ஒரு பெரிய மனிதர் சின்ன வண்டியில் பறந்து வந்தார். அங்கே புல்லுக்குப் பொறுப்பானவர் அவர்.

"பாஸ்போட் உங்களிட்டையோ?" என்றாள் மலர் என் காதுக்குள்.

புல்லு அண்ணை எழும்பவில்லை. ஒரு புல்லைக் கிள்ளி நீட்டினார். "யுவர் பிளேட். லெஃப்ட் சைட். நாட் ஷார்ப்."

அந்த மனிதர் அப்படியே முழந்தாளில் விழுந்தார். மறுநாள் அங்கே பெரிய போட்டி. ஒரு கிழமையாகப் புல் நுனி ஏன் வெளிறுகிறது என்று தெரியாமல் தவித்துக்கொண்டிருந்தாராம். அவரும் கன்னத்தைப் புல்லில் வைத்தார். அவர் பேசிய ஆங்கிலம் எங்கள் மூவருக்கும் அரைவாசிதான் விளங்கியது. பரவாயில்லை, புல்லைப் பற்றித்தானே பேச்சு.

கொட்டிலில் புல் வெட்டும் மெசினைக் கவிழ்த்தார்கள்.

"தங்கச்சி, ஒரு கடதாசி தாங்கோ" என்றார் புல்லு அண்ணை.

மலரிடம் இருந்தது, நாங்கள் பார்க்கவேண்டிய இடங்களின் பட்டியல். மூன்று பக்கம். புல்லு அண்ணை பிளேட்டைச் சுழற்றி, கூர் பார்க்க ஒரு தாளை அதில் கொடுத்தார். வலப்பக்கம் சுத்தமாக வெட்டியது. இடப்பக்கம் மென்று துப்பியது. தீட்டினார், ஆணியை முறுக்கினார், மறுபடியும் கொடுத்தார். மத்தியானத்துக்குள் பட்டியல் முழுவதும் இடியப்பமாகிவிட்டது. கடைசிக் கீற்று பிளேட்டின் ஒரு முனையிலிருந்து மறு முனை வரை ஒரே சீராக விழுந்தது.

போட்டியன்று காலை, கடைசிக் குழியின் புல்லை வெட்டும்படி மெசினை அவர் கையிலேயே கொடுத்தார்கள். அடிமட்டம் வைத்துக் கீறியதுபோலக் கோடு கோடாக வெட்டிக்கொண்டு போனார். போட்டிக்காரர்கள் வெளியே காத்து நின்றார்கள். முடிந்ததும் தொப்பியைக் கழற்றிக் கைதட்டினார்கள். மலர் இரண்டு விரலை வாயில் வைத்து விசில் அடித்தாள். அவளுக்கு விசில் அடிக்கத் தெரியும் என்பது இருபத்தைந்து வருடத்தில் எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

வியர்வையைத் துடைத்துக்கொண்டு வந்தார். "தம்பி, இருபத்திரண்டு வருசமா விளையாட வாறவங்கள் என்னைத்தான் தள்ளி நிக்கச் சொல்லுறவங்கள். இண்டைக்கு எனக்காக அவங்கள் தள்ளி நிண்டவங்கள், பாத்தியளே?"

எங்கள் வரவேற்பறையில் இப்போது அந்த ஊரில் எடுத்த படம் ஒன்று பெரிதாகத் தொங்குகிறது. கடலும் மலையும் நானும் அதில் இல்லை. மெசினைத் தள்ளிக்கொண்டு போகிற ஒருவரின் முதுகு மட்டும். வருகிறவர்கள் ஆரென்று கேட்டால், நான் வாய் திறக்க முதலே மலர் சொல்லிவிடுவாள்:

"எங்கட அண்ணை."